வறுமை ஒழியும்வரை காத்திருக்க வேண்டுமா? ஏழை நாடுகளின் தற்கொலைகள் பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உலகில் நடக்கும் தற்கொலைகளில் நாலில் மூன்று பங்கு ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நடப்பதாக எங்கோ படித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் வறுமைதான் காரணமா, பணக்கார நாட்டில் மனநோய், நம் ஊரில் கடன் என்று பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், உங்கள் கிராமத்தில் ஒரே வருடத்தில் இரண்டு பேர் இப்படிப் போய்விட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. கஷ்டமும் சண்டையும் ஒழிகிறவரை இதைத் தடுக்க வழியே இல்லையா என்று கேட்கிறீர்கள். வழி இருக்கிறது. அதைப் பக்கத்து நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். நான் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவராகப் பல வருடம் வேலை பார்த்தவன். மருந்து குடித்துவிட்டு மெடிக்கல் வார்டில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது அந்த வேலையில் பெரும்பகுதி. அந்த அனுபவத்தையும் இந்தத் துறையில் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த நாலில் மூன்று பங்குக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ல் உலகம் முழுக்கத் தற்கொலையால் இறந்தவர்கள் சுமார் 7,27,000 பேர். அதில் 73 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். கணக்கு சரிதான். ஆனால் உலக மக்களில் எண்பது சதவீதத்துக்கும் மேலானவர்கள் அந்த நாடுகளில்தான் இருக்கிறார்கள். ஆகவே லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் படம் மாறிவிடும். 2019ல் பணக்கார நாடுகளில் லட்சத்துக்கு 10.9, மிக ஏழை நாடுகளில் 9.9. பெரிய வித்தியாசம் இல்லை. தென் கொரியா பணக்கார நாடு, அங்கே விகிதம் மிக அதிகம். ஆப்பிரிக்காவின் லெசோத்தோ ஏழை நாடு, அங்கேயும் மிக அதிகம். எனவே நாடு ஏழையாக இருப்பதற்கும் தற்கொலை விகிதத்துக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு கிடையாது. இதை உறுதியாகவே சொல்லலாம்.

இந்த எண்களின் அடித்தளம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பல ஏழை நாடுகளில் இறப்புப் பதிவே ஒழுங்காக இல்லை. வருகிற எண்கள் கணித மாதிரிகளை வைத்துப் போட்ட மதிப்பீடுகள். இந்தியாவில் எண் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கிளம்பி தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போகிறது. புகாரில் என்ன எழுதுகிறார்களோ அதுதான் காரணம். "தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து" என்ற வரியைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க மாட்டார். வயிற்றுவலி சிலருக்கு உண்மையாகவே இருந்திருக்கும். பல நேரம் அது குடும்பத்தாருக்கும் போலீசுக்கும் ஒத்துவருகிற, யாரையும் மாட்டிவிடாத ஒரு காரணம். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வரும். அதற்குப் பயந்து "அடுப்பில் சமைக்கும்போது", "தவறுதலாகக் குடித்துவிட்டாள்" என்று வாக்குமூலம் மாறும். 2010ல் காவல்துறைக் கணக்கில் இந்தியாவில் சுமார் 1,34,600 தற்கொலைகள். அதே வருடத்துக்கு, வீடுவீடாகப் போய் விசாரித்த ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு சுமார் 1,87,000. இடைவெளி அரை லட்சத்துக்கும் மேல். 2022ல் அதிகாரபூர்வக் கணக்கு 1,70,924. உண்மை இதைவிட அதிகம் என்று எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அப்படியானால் ஏழை நாடுகளில் வித்தியாசமாக இருப்பது எது? விகிதத்தை விட்டுவிட்டு, யார் இறக்கிறார்கள், எந்த நிலையில் இறக்கிறார்கள் என்று பாருங்கள். பணக்கார நாடுகளில் பெண் ஒருவருக்கு ஆண் மூன்று பேர் என்ற அளவில் இறக்கிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் அந்த இடைவெளி குறைவு. சீனாவில் 1990களின் கடைசியில் பெண்களின் விகிதம் ஆண்களைவிட அதிகமாகவே இருந்தது, கிராமத்து விகிதம் நகரத்தைப்போல் மூன்று மடங்கு. வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் ஒவ்வொரு இறப்பையும் குடும்பத்தாரிடம் நேரில் விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். 2004ல் வெளியான அந்த ஆய்வில், 10 முதல் 19 வயதுப் பெண்களிடம் லட்சத்துக்கு 148, அதே வயது ஆண்களிடம் 58. இந்த எண்ணை முதன்முறை படித்தபோது அச்சுப்பிழையோ என்று திரும்பப் பார்த்தவர்கள் எங்கள் துறையில் நிறையப் பேர். 2016ல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியப் பெண். கல்யாணம் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று மேற்கத்திய ஆய்வுகளில் வரும் முடிவு இங்கே பொருந்துவதில்லை. சின்ன வயதுக் கல்யாணம், அடி உதை, புருஷனின் குடி, போக்கிடம் இல்லாமை எல்லாம் சேர்ந்து வருகின்றன. குடியைத் தனியாகவே சொல்ல வேண்டும்: குடிப்பவரையும் அது கொல்கிறது, கூட வாழ்பவரையும் விளிம்புக்குத் தள்ளுகிறது.

மனநோய் விஷயத்தில் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். மேற்கத்திய ஆய்வுகள், இறந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது என்கின்றன. சீனாவில் நாடு தழுவிய அளவில் செய்த ஆய்வில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இந்தக் கணக்கெல்லாம் ஆள் போன பிறகு உறவினர்களைக் கேட்டு எடுப்பது. மனச்சோர்வு என்பதையே "உடம்பு அசதி, சாப்பிட மாட்டான்" என்று சொல்லும் குடும்பத்தில் அது தவறவும் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே துல்லியமான சதவீதத்தில் நான் நிற்க மாட்டேன். ஆனால் நீண்ட நாள் நோய் எதுவும் இல்லாமல், ஒரு கடுமையான நெருக்கடியின் உச்சத்தில் தற்கொலைக்கு முயன்றுவிடுபவர்கள் நம் நாடுகளில் கணிசமான பேர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வார்டில் பார்த்ததும் அதுதான். காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் போவேன். இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண், மூக்கில் குழாய், கட்டிலைச் சுற்றி நாலைந்து உறவினர்கள், வாசலில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய மருத்துவப் பதிவு) வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர். மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால்தான் வாய் திறப்பார்கள். "சாகணும்னு நெனைக்கல சார், அந்த நேரத்துக்கு ஒண்ணும் தோணல, புள்ளைய எங்க?" இதே பொருளில் இதைக் கேட்காத வாரம் இருந்ததில்லை. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பின்னால் தற்கொலையால் இறப்பதில்லை என்பது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். கொடுமை என்னவென்றால், அதே மனநிலையில் இருந்த இன்னொரு பெண் பக்கத்து ஊரில் பிழைத்திருக்க மாட்டாள். அவள் கைக்கு எட்டியது எது, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், அங்கே வென்டிலேட்டர் காலியாக இருந்ததா என்பதுதான் பல நேரம் வித்தியாசம்.

இனி வறுமை. நாட்டு அளவில் தொடர்பு தெளிவில்லை என்றேன். ஆள் அளவில் தொடர்பு இருக்கிறது: வேலை போவது, கடன், திடீரென்று வருமானம் விழுவது. வறுமை எவ்வளவு ஆழம் என்பதைவிட, இருந்தது சட்டென்று சரிவதுதான் அதிகம் தாக்குவதாகத் தெரிகிறது. இதற்கு நல்ல சான்று இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கும் திட்டம் பகுதி பகுதியாக அமலானதால், திட்டம் வந்த இடத்தையும் வராத இடத்தையும் ஒப்பிட முடிந்தது. திட்டம் வந்த பகுதிகளில் தற்கொலை 18 சதவீதம் குறைந்தது. மழை பொய்த்து விளைச்சல் விழும்போது தற்கொலை கூடியதும் அதே ஆய்வில் தெரிந்தது. இந்தியாவில் விவசாயிகள் தற்கொலை என்ற தலைப்பு எல்லோருக்கும் தெரியும். 2022 கணக்கில் விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் சேர்ந்து 11,290 பேர், மொத்தத்தில் 6.6 சதவீதம். அன்றாடக் கூலிகள் நாலில் ஒரு பங்குக்கும் மேல்! அவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சொந்தப் பெயரில் பட்டா இல்லாமல் வயலில் உழைக்கும் பெண் "இல்லத்தரசி" கணக்கில் போவாள் என்பதையும் மறக்க வேண்டாம். அதே தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்லும் காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினை, சுமார் மூன்றில் ஒரு பங்கு; அடுத்து நோய். ஆனால் கடன்காரன் வாசலில் நின்று கத்தியதால் வந்த சண்டையைக் குடும்பப் பிரச்சினை என்று எழுதுவதா, கடன் என்று எழுதுவதா? ஒற்றைக் காரணத்தை டிக் அடிக்கும் படிவத்தில் இதற்கு இடம் இல்லை. அதனால் இந்தக் காரணப் பட்டியல்களை நான் பாதிதான் நம்புகிறேன்.

பக்கத்து நாடு என்று சொன்னேனே, அது இலங்கை. 1950ல் அங்கே விகிதம் லட்சத்துக்கு ஏழு கூட இல்லை. 1995ல் அது 47ஐத் தொட்டது, உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. இடையில் நடந்தது என்ன என்று கேட்டால் போர், கலவரம், வேலையின்மை என்று சொல்வார்கள். ஆனால் போர் உச்சத்தில் இருந்த சமயங்களில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்ததாக அங்கிருந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் சேர்ந்தவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். தீவு முழுக்க மாறிய இன்னொரு விஷயம், பசுமைப் புரட்சியோடு வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த பூச்சிமருந்து. அதில் கொடிய வகைகளுக்கு இலங்கை அரசு 1984ல் தொடங்கிப் படிப்படியாகத் தடை போட்டது. 1995ல் உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பு நச்சு என்று வகைப்படுத்தியவற்றில் மிச்சமிருந்ததெல்லாம் போயின, 1998ல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் மூன்று. 2005க்குள் விகிதம் பாதியானது, பிறகு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 1995க்கும் 2015க்கும் இடையில் காப்பாற்றப்பட்டவர்கள் சுமார் 93,000 பேர் என்று ஒரு மதிப்பீடு. இதற்காக நாடு பணக்காரநாடு ஆகவில்லை, போர் 2009 வரை ஓயவில்லை, மனநல மருத்துவர்கள் ஊருக்கு ஊர் முளைக்கவில்லை. நெல் விளைச்சலும் விழவில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அதற்குப் பதிலாக ஆபத்து குறைந்த ஒன்று கடையில் இருந்தது. 2021ல் இலங்கை ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் திடீரென்று மொத்தமாக நிறுத்தி விவசாயமே படுத்தது வேறு கதை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதில் எவ்வளவு உறுதி? மொத்த விகிதம் குறைந்தது உறுதி. குறைந்ததில் பெரும்பகுதி பூச்சிமருந்தால் நேர்ந்த இறப்புகள் என்பதும் உறுதி. வேறு வழிக்கு மாறியவர்கள் இருந்தார்கள், ஆனால் குறைந்ததை ஈடுகட்டும் அளவுக்கு இல்லை. அதே காலத்தில் சிகிச்சையும் மேம்பட்டது, 1998ல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் நீங்கியது, அவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். நல்லதென்று தோன்றியும் பலிக்காததையும் சொல்ல வேண்டும். அனுராதபுரம் பக்கம் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க வீட்டுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். 2017ல் முடிவு வந்தபோது, பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வித்தியாசம் இல்லை. சாவி வீட்டிலேயே இருக்கும், நாளாக நாளாகப் பூட்டுவதும் விட்டுப்போகும். இதே எண்ணத்தில் நம் கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோயில் பக்கம், சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவினர், வீட்டுக்கு வெளியே ஊர்ப் பொது இடத்தில் லாக்கர் வைத்துப் பார்த்தார்கள். பலன் நம்பிக்கை தருவதாக இருந்தது. ஆனால் சோதனை சிறியது, அதை வைத்து மாநிலத்துக்கே சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை. சட்டத்தால் தடை செய்வதற்குக் கிடைத்திருக்கும் சான்றின் பலம் இதற்கு இன்னும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டு அரசும் சில வருடம் முன்னால் ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது, ஆபத்தான எலி மருந்து ஒன்றை நிரந்தரமாகவே தடுத்தது. 60 நாள் போதாது என்பது என் கருத்து. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இன்று பெரும்பாலான இறப்புகள் பூச்சிமருந்தால் நிகழ்வதில்லை. மற்றவற்றைப் பூச்சிமருந்துத் தடை தொடாது, அங்கே மனிதர்கள்தான் மனிதர்களைத் தாங்க வேண்டும்.

அதற்கும் சான்று இருக்கிறது, அதிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து ஊர்களில், முயற்சி செய்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு டிஸ்சார்ஜ் ஆவதற்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், அப்புறம் ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். முதல் குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2. இறந்தவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் அந்தப் பத்து மடங்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் செலவில்லாத ஒரு காரியத்துக்கு இது போதுமான காரணம். இங்கே நடப்பதோ நேர்மாறு. குழாயை எடுத்த மறுநாளே "போலீஸ் கேஸ் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பம் கூட்டிக்கொண்டு போய்விடும். பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். கேஸ் பயம் இனி வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முயற்சி செய்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவர் மேல் வழக்கு போடக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றம் என்ற பழைய 309வது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவும் இல்லை. எம்.எல்.சி. பதிவு மட்டும் இருக்கும், அதற்காகச் சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது.

உங்கள் ஊருக்கு வருகிறேன். ஒரே வருடத்தில் இரண்டு என்றால், அந்த இரண்டு வீட்டிலும், அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களிடமும்தான் இப்போது ஆபத்து கூடுதல். இது ஆய்வுகளில் தெளிவாக வந்திருக்கிறது. முதலில் அவர்களிடம் போய் இருங்கள். எப்படி நடந்தது என்று விவரம் பேசுவதையும், வாட்ஸ்அப்பில் படம் போடுவதையும் ஊரில் தடுத்துவிடுங்கள். இறந்தவரை வீரமாகவோ கோழையாகவோ பேச வேண்டாம். வீடுகளில் தேவைக்கு மேல் பூச்சிமருந்து வாங்கிச் சேர்க்காமல், மிச்சத்தை வீட்டுக்கு வெளியே, வேறொருவர் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள். குறிப்பாக யாராவது மனமுடைந்து இருக்கிற வீட்டில் இதை அன்றைக்கே செய்யுங்கள்.

யாராவது ஒருவர் முகம் வாடி, பேச்சுக் குறைந்து, "நான் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்கிற மாதிரி பேசினால், சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் எண்ணம் முளைத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி முளைப்பதில்லை; கேட்க ஆள் வந்தது பெரும்பாலும் நிம்மதியைத்தான் தரும். ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். அறிவுரை சொல்லாமல் அவர் சொல்வதைக் கேளுங்கள், கூடவே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி நேரமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு அழைக்கலாம், இருபத்திநாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104ம் உண்டு, சென்னை சினேகாவின் எண் 044-24640050. இலங்கையில் இதைப் படிப்பவர்களுக்கு மனநல உதவி எண் 1926. இதைக் கேட்ட நீங்களே அந்த இரண்டு பேருக்கும் நெருங்கியவராக இருந்து, உங்களுக்கே மனசு கனத்துக் கிடந்தால், இந்த எண்கள் உங்களுக்கும்தான். ஊருக்கு என்று யோசித்துக்கொண்டு உங்களை விட்டுவிடாதீர்கள். இங்கேயே பதில் எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.